செமஸ்டரை நிறுத்திவிட்டு லொறி ஓட வரும் தம்பிமாருக்கு

திருகோணமலையில் கம்பஸ் படிப்பைக் கொஞ்ச காலம் நிறுத்திவிட்டு லொறி ஓடலாம் என்று யோசிக்கிறவர்கள் இதை வாசித்துவிட்டு முடிவெடுங்கள். லொறி ஓட வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. மாணவர்களாகவே தேடிப் பிடித்து வேலைக்கு வைக்கிற முதலாளிமார் சிலர் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றித்தான் இந்தப் பதிவு. அப்படி ஒருவரிடமிருந்து எனக்கு இரண்டு மாதச் சம்பளமும், டெபொசிட்டாகக் கொடுத்த 50,000 ரூபாயும் இன்னும் வர வேண்டியிருக்கிறது. தொழில் அலுவலகத்தில் விசாரணை நடப்பதால் பெயரை இங்கே போடவில்லை.

அப்பாவுக்குக் காலில் அடிபட்டுக் கடலுக்குப் போக முடியாமல் போனது. தங்கச்சி உயர்தரம் படிக்கிறாள். மஹாபொல புலமைப்பரிசில் காசில் என் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்குமே இழுபறி. மாமாவின் லொறியில் பழகி ஏற்கெனவே சி1 வகுப்பு லைசன்ஸ் எடுத்து வைத்திருந்தேன். பீடத்தில் கடிதம் கொடுத்து விடுப்பு வாங்கிக்கொண்டு வேலை தேடினேன். அவ்வளவுதான் கதை.

வேலைக்கு இங்கே பஞ்சமில்லை. சீனக்குடாவில் மா ஆலை இருக்கிறது, சீமெந்துத் தொழிற்சாலை இருக்கிறது. புல்மோட்டையிலிருந்து கனிய மணல் போகிறது. கிண்ணியா, மூதூர்ப் பக்கம் ஆற்று மணல். கந்தளாய், தம்பலகாமத்தில் அறுவடை என்றால் நெல். நல்ல முதலாளிமாரும் நிறையப் பேர் இருக்கிறார்கள். என்னோடு படித்த ஒருவன் இப்போதும் அப்படி ஒருவரிடம்தான் லீவு நாட்களில் ஓடுகிறான், ஒரு சதம் பாக்கி இல்லை. நான் போய் விழுந்த இடம் வேறு.

விளம்பரம் முகநூலில் வந்தது. மாதம் 85,000, தங்குமிடம் இலவசம், கம்பஸ் மாணவர்களுக்கு முன்னுரிமை. அந்தக் கடைசி வரியைப் பார்த்து, பாவம் நல்ல மனிசன், பிள்ளைகளுக்கு உதவி செய்கிறார் என்று அம்மா சொன்னார். போன அன்றே முதலாளி மூன்று விஷயம் கேட்டார். லொறிக்கு ஏதும் நடந்தால் பொறுப்புக்கு என்று 50,000 ரூபாய். முத்திரை ஒட்டிய வெற்றுத் தாளில் ஒரு கையெழுத்து. பிறகு லைசன்ஸ். ஓடும்போது கையில் இருக்கும், யார்டுக்கு வந்தால் சாவியோடு லைசன்ஸையும் ஒப்படைக்க வேண்டும்.

"பயப்படாதீங்க தம்பி. லொறிப் பத்திரமெல்லாம் ஒண்டா ஒரு பைல்ல இருந்தா உங்களுக்கும் நல்லம், எனக்கும் நல்லம்."

காசுக்குப் பற்றுச்சீட்டுக் கேட்டேன். நாளைக்குத் தருகிறேன் என்றார். அந்த நாளை வரவே இல்லை.

தொடக்கத்தில் சம்பளம் ஒழுங்காக வந்தது. 40,000 அடிப்படை, மிச்சம் டிரிப் காசு. கொழும்புக்கு ஹபரணை வழியாகச் சுமார் 260 கிலோமீட்டர். பின்னேரம் ஏற்றினால் விடியப் போய்ச் சேரலாம். உண்மையைச் சொன்னால் அந்த ஓட்டம் எனக்குப் பிடித்திருந்தது. கல்ஓயா தாண்டி இருட்டில் யானை நிற்கும் என்று எல்லாரும் வேகத்தைக் குறைப்பார்கள், எதிரே வருகிற லொறிக்காரன் லைட் அடித்துச் சொல்லிவிட்டுப் போவான். படிப்பை விட்டுவிட்டு இதையே செய்யலாமா என்றுகூட நினைத்ததுண்டு.

இனி முதலாளியின் கணக்குக் கொப்பிக்கு வருவோம். அவரது மேசை லாச்சிக்குள் ஒவ்வொரு டிரைவர் பெயரிலும் ஒரு சி.ஆர். கொப்பி (தடித்த அட்டைக் கொப்பி) இருக்கும். எனக்கு வர வேண்டியதை நீலப் பேனையிலும், என்னிடம் பிடிப்பதைச் சிவப்புப் பேனையிலும் எழுதுவார். மாதம் போகப் போகப் பக்கம் சிவப்பாகிக்கொண்டே வந்தது. கிழிந்த மூட்டை மூன்று. டீசல் குறைவு. கண்ணாடிக் கீறல், அது நான் வேலைக்கு வருவதற்கு முன்பே இருந்த கீறல். எல்லாவற்றுக்கும் மேலே டயர்.

அந்த டயர் கதையைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். சீமெந்து மூட்டை ஒன்று 50 கிலோ. 200 மூட்டை என்றாலே 10 தொன். நான் ஓடிய லொறிக்கு அதுவே நிறைவு. அவர் 240 மூட்டை ஏற்றச் சொல்வார், அதாவது 12 தொன். பின் டயர்கள் எல்லாம் மேலே புது ரப்பர் ஒட்டிய ரீபில்ட் டயர்கள். ஒரு நாள் இரவு அக்போபுரவுக்குக் கிட்ட உள்பக்கத்து டயர் வெடித்தது. ஒட்டிய ரப்பர் பட்டி பட்டியாகக் கழன்று மட்கார்டில் அடித்துக் கிடந்தது, உள்ளே கம்பி தெரிந்தது. கிளீனரும் நானும் ஜாக்கி வைக்க மண்ணில் பலகை தேடி, இறக்கி ஏற்றி, விடிந்துவிட்டது. திரும்பி வந்து பார்த்தால் கொப்பியில் சிவப்பில் "டயர் 48,000 - தம்பி" என்று எழுதியிருக்கிறது. அவ்வளவு பாரத்தை ஏற்றச் சொன்னவர் அவர், அந்த டயரைப் போட்டவரும் அவர். கேட்டதற்கு, "ஓடினது ஆர் தம்பி?" என்றார்.

இன்னொன்று, ஒவ்வொரு மாதமும் ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) என்று 3,200 ரூபாய் பிடித்தார். 40,000க்கு 8 வீதம், கணக்கு மிகச் சரி. பின்னாளில் தொழில் அலுவலகத்தில் என் அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்துக் கேட்டபோது என் பெயரில் அவர் கணக்கே திறக்கவில்லை என்று தெரிந்தது. சட்டப்படி தொழிலாளியின் 8 வீதத்தோடு முதலாளி தன் பங்காக 12 வீதமும், ஈ.டி.எப். (ஊழியர் நம்பிக்கை நிதி) என்று இன்னொரு 3 வீதமும் கட்ட வேண்டும். அவர் கட்டாதது ஒரு பக்கம், என்னிடம் பிடித்ததையே சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

இடையில் ஒரு நாள் பத்துச் சில்லு டிப்பரை மணலுக்கு எடுத்துப் போகச் சொன்னார். சி1 லைசன்ஸ் மொத்த எடை 17,000 கிலோவுக்கு மேற்படாத லொறிகளுக்குத்தான். அதற்கு மேல் என்றால் சி வகுப்பு வேண்டும். தகுதியில்லாத லைசன்ஸோடு ஓடி விபத்து நடந்தால் காப்புறுதிக்காரன் கையை விரித்துவிடுவான். இதைச் சொன்னால், "ராவையில ஆர் பார்க்கப்போறாங்க?" என்கிறார். மணல் பெர்மிட்டை வாங்கிப் பார்த்தேன். போட்டோக் கொப்பி, அதிலும் திகதி இருந்த இடத்தில் வெள்ளை மை. மணல், கிரவல், கல் எதை ஏற்றினாலும் அந்த ஏற்றுக்கான அனுமதிப்பத்திரம் மூலப் பிரதியாகக் கையில் இருக்க வேண்டும். பிடிபட்டால் முதலில் கூண்டில் நிற்பது டிரைவர். முதலாளி லோயரோடு பிறகு வந்து லொறியைத்தான் கேட்பார். நான் ஏற மாட்டேன் என்றேன். அன்றிலிருந்து எனக்கு நல்ல டிரிப் வரவில்லை, சம்பளமும் பிந்தத் தொடங்கியது. "கடைசியில கணக்கு முடிக்கேக்க சேர்த்துத் தாறன்" என்பதே பதிலாக இருந்தது.

இதற்குப் பின்னால் இருந்த சூட்சுமத்தை எனக்கு விளங்கப்படுத்தியவர் கிளீனர் காக்கா. கிண்ணியாக்காரர், அந்த யார்டில் பல வருசம் இருப்பவர்.

"கம்பஸ் எப்ப துறக்குது தம்பி?"

"அடுத்த மாசம் காக்கா."

"அப்ப கடைசிச் சம்பளத்த எதிர்பார்க்காதீங்க. போன முறையும் ஒரு படிக்கிற புள்ளதான். அதுக்கு முன்னயும் அப்பிடித்தான்."

விசயம் இதுதான். பழைய டிரைவருக்குச் சம்பளம் கொடுக்காவிட்டால் அவன் யார்டிலேயே குந்திக்கொண்டிருப்பான், நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வருவான். மாணவனுக்குத் திரும்பிப் போயே ஆக வேண்டும். 80 வீத வரவு இல்லாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். அலைந்து திரிந்து காசு கேட்க அவனுக்கு நேரமில்லை என்று முதலாளிக்கு நன்றாகத் தெரியும். விளம்பரத்தில் நமக்கு முன்னுரிமை தருவது அதற்காகத்தான்.

நான் வேலையை விட்டு நிற்கப்போகிறேன் என்று சொன்ன அன்று கொப்பியை விரித்து வைத்தார். "படிச்ச பிள்ளைதானே, நீங்களே கூட்டிப் பாருங்க. நீங்கதான் எனக்கு 11,000 தரணும்." லைசன்ஸ் பைலுக்குள். அதைக் கேட்டதும், நான் கையெழுத்து வைத்த வெற்றுத் தாளைத் தூக்கிக் காட்டினார்.

அவர் மறுபக்கம் திரும்பிய நேரத்தில் கொப்பியின் பக்கங்களைப் போனில் படம் எடுத்துவிட்டேன். இன்று என்னிடம் இருக்கிற பெரிய ஆதாரம் அதுதான்.

லைசன்ஸுக்குப் பொலிஸில் முறைப்பாடு போட்டேன். அது அரசாங்கம் என் பெயரில் தந்த பத்திரம், கடனுக்கு ஈடாகப் பிடித்து வைக்க எந்தத் தனியாருக்கும் உரிமையில்லை. பொலிஸ் கூப்பிட்டு விசாரித்த பிறகு முதலாளி லைசன்ஸைக் காக்காவின் கையில் கொடுத்து அனுப்பினார். வெற்றுத் தாளைப் பற்றியும் அதே முறைப்பாட்டில் எழுதச் சொல்லியிருக்கிறேன், நாளைக்கு அந்தத் தாளில் ஏதாவது எழுதி நீட்டினால் முறைப்பாட்டின் திகதி பேசும். சம்பளத்துக்கும் ஈ.பி.எப்.புக்கும் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு. அதற்குக் கட்டணம் கிடையாது, சட்டத்தரணியும் தேவையில்லை. நியமனக் கடிதம் இல்லையே என்று யோசித்துக்கொண்டு போனேன். அங்கே இருந்த பெண் அலுவலர், வங்கியில் விழுந்த சம்பளம், டிரிப் சொன்ன வாட்ஸ்அப் குரல் பதிவுகள், ஏற்றுச் சீட்டில் டிரைவர் பெயர் எல்லாம் கொண்டுவாருங்கள், அதை வைத்து வேலை செய்ததைக் காட்டலாம் என்றார். முதல் விசாரணைக்கு முதலாளி வரவில்லை. அடுத்த தவணை போட்டிருக்கிறார்கள்.

சேரப்போகிறவர்கள் டெபொசிட் கேட்டாலே எழும்பி வந்துவிடுங்கள், அங்கே பேரம் பேச ஒன்றுமில்லை. ஈ.பி.எப். பிடிப்பதாகச் சொன்னால் அங்கத்துவ இலக்கத்தை முதல் மாதத்திலேயே கேளுங்கள். பொலிஸ் எழுதிய தண்டத்தை முதலாளி கட்டுவார் என்று விட்டுவிடாமல் 14 நாளைக்குள் நீங்களே தபால் கந்தோரில் கட்டிவிட்டுத் துண்டை வைத்திருங்கள். பிந்தினால் தண்டம் இரட்டிப்பாகும், லைசன்ஸும் பொலிஸிலேயே கிடக்கும். கம்பஸ் விடுப்பையும் வாய்ப்பேச்சில் விடாமல் பீடத்திலிருந்து எழுத்தில் வாங்குங்கள். எனக்கு அந்தக் கடிதம் இருந்ததால்தான் திரும்பிச் சேருவதில் சிக்கல் வரவில்லை.

காக்கா சொன்ன அந்த முந்தைய தம்பிமாரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அநுராதபுரச் சந்தியிலிருந்து சீனக்குடாப் பக்கம் உள்ள ஒரு யார்டில் சிவப்பு, நீலப் பேனைக் கொப்பியைப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் இன்பாக்ஸில் வாருங்கள். அடுத்த தவணைக்கு முன் உங்கள் முறைப்பாட்டையும் சேர்த்துக் கொடுப்போம்.