சத்தத்தைக் கூட்டும் மாஸ்டரும் வீச்சைக் காக்கும் மாஸ்டரும்

மிக்ஸிங் முடிந்த ஒரே பாடலிலிருந்து இரண்டு மாஸ்டர்கள் (வெளியீட்டுக்கான இறுதி வடிவங்கள்) தயாராகின்றன என்று வைத்துக்கொள்வோம். முதலாவதில், ஒலியின் உச்சங்களைத் தட்டித் தாழ்த்தும் லிமிட்டரை நன்றாக அழுத்தி, பாடலின் சராசரி உரப்பை -8 எல்.யூ.எஃப்.எஸ் (காது உணரும் உரப்பின் அலகு; 0-ஐ நெருங்க நெருங்க உரப்பு கூடும்) வரை ஏற்றியிருக்கிறார்கள். இரண்டாவதில் லிமிட்டர் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொட்டுச் செல்வதோடு சரி. உரப்பு -14-இல் நிற்கிறது. இரண்டிலும் உச்சம் -1 டெசிபல்தான். ஈக்வலைசர், ஸ்டீரியோ அகலம் முதலிய மற்ற எதிலும் வேறுபாடு இல்லை. இவற்றில் எதை வெளியிடுவது என்பதில் மாஸ்டரிங் அறைகளில் பல ஆண்டுகளாக ஒருமித்த கருத்து ஏற்படவில்லை.

டிஜிட்டல் ஒலியில் 0 டெசிபல் என்ற கூரையைத் தாண்டி எந்த அளவையும் பதிவு செய்ய முடியாது என்பதுதான் சிக்கலின் வேர். 16 பிட் சிடி ஏறத்தாழ 96 டெசிபல் வீச்சை, அதாவது மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளியை, தாங்கக்கூடியது; பெரும்பாலான பாடல்களுக்கு அதில் சிறு பகுதியே போதும். ஆயினும் உச்சங்கள் ஏற்கெனவே கூரையைத் தொட்டுவிட்ட பிறகு பாடலை மேலும் உரக்கக் கேட்கச் செய்ய வேண்டுமானால், உச்சங்களை மட்டும் தட்டித் தாழ்த்திவிட்டு மொத்தத்தையும் மேலே தூக்குவதைத் தவிர வழியில்லை. ஆகவே உச்சத்துக்கும் சராசரிக்கும் உள்ள இடைவெளியைச் செலவழித்தே சத்தம் வாங்கப்படுகிறது. நம் முதல் மாஸ்டரில் அந்த இடைவெளி 7 டெசிபல், இரண்டாவதில் 13.

இந்தச் செலவு எங்கே விழுகிறது என்பதை ஒரு ஸ்னேர் டிரம் அடியில் தெளிவாகக் கேட்கலாம். குச்சி தோலில் படும் முதல் சில மில்லிநொடிகளில் ‘பட்’ என்ற வெடிப்பும், அதன் பின்னே டிரம்மின் உடலோசையும், கடைசியாக ரிவெர்பின் (அறை எதிரொலியின்) வாலும் வருகின்றன. லிமிட்டர் பிடிப்பது முதற்பகுதியை. அது தூக்கிவிடுவது பின்னிரண்டையும். ஓரிரு டெசிபல் வெட்டுப்படும்போது பெரும்பாலோர் கவனிக்க மாட்டார்கள். ஆறு டெசிபல் வெட்டுப்பட்டால், முன்னே நின்ற டிரம் பாடகரின் குரலுக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்கிறது; ரிவெர்ப் மட்டும் அளவுக்கு மீறி மேலெழுகிறது. பேஸில் நேர்வது வேறு வகை. 50 ஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுற்று 20 மில்லிநொடி நீளமுடையது என்பதால், லிமிட்டரின் ரிலீஸ் (அழுத்திய ஒலியை விடுவிக்கும் நேரம்) அதைவிட வேகமாக இருந்தால் ஒவ்வொரு சுற்றுக்குள்ளேயே ஒலியளவு ஏறி இறங்கி, பேஸ் கரகரக்கத் தொடங்கும். ரிலீஸை நீட்டினாலோ, ஒவ்வொரு கிக் டிரம் அடிக்கும் பாட்டு முழுவதும் அமுங்கி எழும். இவ்விரண்டுக்கும் இடையே நல்ல சமரசப் புள்ளி உண்டுதான். ஆனால் -8-ஐ நோக்கித் தள்ளத் தள்ள அந்த இடம் குறுகிக்கொண்டே போகிறது.

இத்தனை இழப்பு இருந்தும் சத்தமான மாஸ்டர் ஏன் வெல்கிறது? குறைந்த ஒலியளவில் நம் காது மிகத் தாழ்ந்த அதிர்வெண்களையும் மிக உயர்ந்த அதிர்வெண்களையும் மங்கலாகவே உணர்கிறது என்பதை 1933-இலேயே ஒலியியல் ஆய்வாளர்கள் ஃபிளெட்சரும் மன்சனும் அளந்து காட்டிவிட்டார்கள். ஒலியளவு சற்றே கூடினாலும் பேஸ் நிறைந்தும் சிம்பல் பளிச்சென்றும் கேட்பதால், அடுத்தடுத்துக் கேட்கும் இரண்டில் உரத்ததே ‘தரமானது’ என்று மனம் தீர்ப்பளித்துவிடுகிறது. வினைல் காலத்திலும் இந்தப் போட்டி இருந்தது. ஆனால் உரத்த ஒலிக்கு அகலமான பள்ளம் வேண்டும், பள்ளம் அகன்றால் ஒரு பக்கத்தில் அடங்கும் நேரம் சுருங்கும், மிகையானால் ஊசியே துள்ளும் என்பதால் அதற்கு இயல்பான கடிவாளம் இருந்தது. 1982-இல் வந்த சிடி அந்தக் கடிவாளத்தை அவிழ்த்தது. 1994-இல் வேவ்ஸ் நிறுவனத்தின் எல்1 போன்ற, வரப்போகும் உச்சத்தை முன்கூட்டியே பார்த்துப் பிடிக்கும் லிமிட்டர்கள் மீதியைச் செய்தன. 2008-இல் வெளியான, மெட்டல் இசைக்குழுவான மெட்டாலிக்காவின் ‘டெத் மேக்னெட்டிக்’ ஆல்பத்தின் சிடியைவிட, கிட்டார் ஹீரோ விளையாட்டில் இடம்பெற்ற அதே பாடல்கள் தெளிவாக இருப்பதாக ரசிகர்களே ஒப்பிட்டுக் காட்டிய பிறகுதான் இந்த விவகாரம் பொதுவெளிக்கு வந்தது. அதை மாஸ்டர் செய்த டெட் ஜென்சன், மிக்ஸ்களே நசுக்கப்பட்ட நிலையில்தான் தம்மிடம் வந்தன என்று தெரிவித்தார். பழி எப்போதும் மாஸ்டரிங் அறைக்கே போகிறது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இனி இரண்டு மாஸ்டர்களையும் ஸ்ட்ரீமிங்கில் ஏற்றிப் பார்ப்போம். காது உணரும் உரப்பை அளக்கும் பிஎஸ்.1770 முறையை சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006-இல் வெளியிட்டது. அதன் அடிப்படையில் ஐரோப்பிய ஒலிபரப்பாளர்கள் 2010-இல் -23 என்ற இலக்கை வகுத்தார்கள். இசைச் சேவைகளும் அதே அளவுகோலைக் கையில் எடுத்தன. ஸ்பாட்டிஃபையும் யூடியூபும் -14-ஐயும், ஆப்பிள் மியூசிக் -16-ஐயும் ஒட்டிப் பாடல்களைச் சமன்படுத்துகின்றன. ஸ்பாட்டிஃபையில் நம் முதல் மாஸ்டர் 6 டெசிபல் இறக்கப்படும். அதன் உச்சமும் -1-இலிருந்து -7-க்கு இறங்கும். இரண்டாவது மாஸ்டரை யாரும் தொடுவதில்லை. இப்போது மீட்டரில் இரண்டும் ஒரே உரப்பு. ஆனால் இரண்டாவதின் ஸ்னேர், முதலாவதின் உச்சத்தைக் காட்டிலும் 6 டெசிபல் வரை மேலே எழுந்து அடிக்கிறது. விலை கொடுத்து வாங்கிய சத்தத்தைச் சேவை பிடுங்கிக்கொண்டது. கொடுத்த விலையோ திரும்பி வரவில்லை.

இதோடு முடியவில்லை. ஃபைலில் பதிவான புள்ளிகள் கூரைக்குக் கீழே இருந்தாலும், அவற்றிலிருந்து மீண்டும் உருவாகும் அலை இரண்டு புள்ளிகளுக்கு நடுவே கூரையைத் தாண்டலாம். எம்பி3, ஏஏசி போன்ற சுருக்கம் அதை இன்னும் மோசமாக்கும். இப்படி உருவாகும் அலையின் உண்மை உச்சத்தை -1-க்குள் வைக்கும்படியும், -14-ஐவிட உரத்த மாஸ்டரானால் -2-க்குள் வைக்கும்படியும் ஸ்பாட்டிஃபை பரிந்துரைப்பது இதனால்தான்.

சத்தமான மாஸ்டரின் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஓடும் வண்டியிலும் கைபேசியின் சிறிய ஸ்பீக்கரிலும் கேட்பவருக்குப் பாடலின் மெல்லிய பகுதிகள் இரைச்சலில் மூழ்கிவிடும் என்பது உண்மை. டிஸ்டார்ஷன் நிறைந்த கிட்டார்களில் உச்சத்துக்கும் சராசரிக்கும் இடைவெளி இயல்பாகவே குறைவு என்பதால், மெட்டல் கிட்டார்களிடமிருந்து லிமிட்டர் பெரிதாக எதையும் பறிப்பதில்லை. சில மின்னணு நடன இசைக்கு அந்த நெருக்கமே உயிர். மேலும், சேவையின் சமன்படுத்தலை (நார்மலைசேஷனை) கேட்பவர் அணைத்து வைத்திருந்தால் மேற்சொன்ன கணக்கு செல்லாது.

ஆனால் இரைச்சல் வாதத்தில் இரு வேறு வீச்சுகள் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. பாடலின் பகுதிகளுக்கிடையே உள்ள ஏற்ற இறக்கம் ஒன்று. ஒரு அடிக்குள், ஒரு அசைக்குள் எழும் உச்சம் மற்றொன்று. வண்டியில் கேட்பவருக்குத் தடையாக இருப்பது முதலாவது. லிமிட்டர் முதலில் தின்பது இரண்டாவதை. மெல்லிய சரணத்தை ஃபேடரால் (ஒலியளவு நகர்த்தியால்) இரண்டு மூன்று டெசிபல் உயர்த்திவிட்டால் வண்டியிலும் கேட்கும், ஸ்னேரின் வெடிப்பும் பிழைக்கும். மிக்ஸில் கையால் செய்ய வேண்டிய இந்த வேலையை லிமிட்டரின் தலையில் கட்டும் சோம்பலே பல உரத்த மாஸ்டர்களுக்குக் காரணம் என்பது என் எண்ணம்.

வீச்சின் பக்கம் நிற்பவர்களிடமும் மூடநம்பிக்கைகள் இல்லாமல் இல்லை. -14 என்பது சேவை சமன்படுத்தும் புள்ளி. அங்கேதான் மாஸ்டர் நிற்க வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. இயல்பாகவே -9-இல் கம்பீரமாக ஒலிக்கும் ஒரு மெட்டல் பாடலை அந்த எண்ணுக்காகத் தளர்த்துவது வீண். மறுகோடியில் -20-இல் விடப்பட்ட பாடலின் உச்சம் -5 என்றால், கூரைக்கு 1 டெசிபல் மிச்சம் வைத்து ஸ்பாட்டிஃபை அதை -16 வரையே உயர்த்தும். யூடியூபோ தாழ்ந்ததை உயர்த்துவதே இல்லை. வீச்சை எண்ணாகக் காட்டும் டிஆர் மீட்டரின் எண்ணைக் காட்டி வினைலைப் புகழ்பவர்களும், அதே நசுங்கிய மாஸ்டரை வினைலில் வெட்டித் திரும்பப் பதிவு செய்தாலே உச்சங்கள் இடம்மாறி எண் கூடிவிடும் என்பதை நினைவில் வைக்கலாம்.

என் தேர்வைச் சொல்வதானால், குரலும் தந்தி வாத்தியங்களும் முன்னிற்கும் பாடலுக்கு -14-க்கும் -12-க்கும் நடுவிலும், நெருக்கமான ராக், நடன இசைக்கு -10-ஐ ஒட்டியும் நிறுத்துவேன். -8-க்குக் கலைநோக்கில் தனிக் காரணம் வேண்டும். சுற்றொலி வடிவமான டால்பி அட்மாஸில் இந்தக் குழப்பமே இல்லை: -18-ஐத் தாண்டக் கூடாது என்பது விதி.

மற்றவற்றில் முடிவெடுக்க, லிமிட்டரில் எவ்வளவு ஏற்றினோமோ அதே அளவு வெளியீட்டைக் குறைத்துவிட்டு, லிமிட்டரை விலக்கும் பைபாஸை மாற்றி மாற்றி அழுத்திக் கேட்க வேண்டும். இசையமைப்பாளருக்கு இரண்டு மாதிரிகளை அனுப்பும்போதும் இதே ஒழுங்கு தேவை. சமன்படுத்தாமல் அனுப்பினால் அவர் அநேகமாக உரத்ததையே தேர்ந்தெடுப்பார். ஆகவே உரத்ததை 6 டெசிபல் இறக்கி, எது எது என்ற குறிப்பில்லாமல் அனுப்புவது நல்லது.