தண்டர்பேர்டில் ஐந்து மெயில் கணக்குகள்: வேலைக்கு ஆகுமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை பார்ப்பவர், மூன்று நான்கு மெயில் ஐடிகளை வைத்துக்கொண்டு பிரவுசரில் டேப் மாற்றி டேப் மாற்றியே அலுத்துப்போனவர் என்றால் யோசிக்காமல் தண்டர்பேர்ட் என்ற மெயில் புரோகிராமைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள். ஒரே ஒரு ஜிமெயில்தான், அதையும் போனில்தான் பார்ப்பேன் என்றால் இது உங்களுக்குத் தேவையில்லை.

என்னிடம் இருப்பவை ஐந்து கணக்குகள். சொந்த ஜிமெயில் ஒன்று. பிரவுசிங் சென்டர் காலத்தில் ஆரம்பித்த யாஹூ ஒன்று. பேங்க்கிலும் பிஎஃப்பிலும் அந்த முகவரிதான் பதிவாகியிருக்கிறது என்பதால் அதை விடவும் முடியாது. அலுவலகத்தின் சொந்த டொமைன் முகவரி (@-க்குப் பின்னால் நிறுவனத்தின் பெயரே வருவது), வெளி வேலைகளுக்கென்று ஒரு அவுட்லுக், அப்புறம் எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் ஜிமெயில். நம்மில் பலருக்கும் நிலவரம் ஏறக்குறைய இதுதான். மெயில் வருவது குறைவு என்று நினைக்கும் கணக்கில்தான் கேஒய்சி கெடு முடியப்போகிறது என்ற மெயில் வந்து யாரும் பார்க்காமல் கிடக்கும்.

இதற்குப் பலர் செய்துவந்த வழி, ஜிமெயிலுக்குள்ளேயே மற்ற கணக்குகளின் மெயிலையும் இழுத்துக்கொள்வது. அந்த வசதியை 2026-இல் நிறுத்துவதாக கூகிள் அறிவித்துவிட்டது. விண்டோஸோடு சேர்ந்தே வந்த பழைய மெயில் ஆப்புக்கான ஆதரவும் 2024 டிசம்பர் 31-ஓடு முடிந்துபோனது. அதன் இடத்துக்கு வந்திருக்கும் புதிய அவுட்லுக்கில் ஜிமெயிலையோ யாஹூவையோ சேர்த்தால் அந்த மெயில்கள் மைக்ரோசாஃப்டின் கிளவுடுக்கும் போய் உட்காரும். சேர்க்கும்போதே அதை ஒரு பெட்டியில் சொல்கிறார்கள்தான், ஆனால் அதையெல்லாம் எத்தனை பேர் படித்துவிட்டு கன்டினியூ அழுத்துகிறோம்? தண்டர்பேர்டில் நடுவில் யாரும் கிடையாது. உங்கள் கம்ப்யூட்டர் நேராக ஜிமெயில் சர்வரோடும் யாஹூ சர்வரோடும் பேசும், மெயில் உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் வந்து இறங்கும், விளம்பரம் கிடையாது. எனக்கு இது மிகப் பெரிய விஷயம், மற்ற வசதிகளெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

கணக்குகளைச் சேர்ப்பது சுலபம். ஜிமெயில், யாஹூ, அவுட்லுக் மூன்றுக்கும் பெயரையும் முகவரியையும் கொடுத்தாலே சர்வர் விவரங்களை அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். அடுத்து அந்தந்த நிறுவனத்தின் லாகின் பக்கம் ஒரு சின்ன ஜன்னலில் திறக்கும், வழக்கம்போல ஓடிபி போட்டு உள்ளே போனால் முடிந்தது. அவுட்லுக் டாட் காம் கணக்குகளில் வெறும் பாஸ்வேர்டை வைத்து மெயில் எடுக்கும் முறையை மைக்ரோசாஃப்ட் 2024 செப்டம்பரில் நிறுத்திவிட்டது. ஏதோ ஒரு பழைய மெயில் புரோகிராமில் உங்கள் அவுட்லுக் கணக்கு ஒருநாள் திடீரென்று பாஸ்வேர்ட் தப்பு என்று சொல்ல ஆரம்பித்திருந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

சொந்த டொமைன் முகவரிதான் கொஞ்சம் கை வேலை கேட்கும். ஹோஸ்டிங் கொடுத்தவரிடம், அதாவது அந்த டொமைனின் மெயில் சர்வரை நடத்துபவரிடம், சர்வர் பெயர்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உள்வரும் மெயிலுக்கு ஐமேப், போர்ட் 993. வெளியே போகும் மெயிலுக்கு 465 அல்லது 587. யூசர்நேம் இடத்தில் பெரும்பாலும் முழு முகவரியையும் போட வேண்டியிருக்கும். பாப் என்று ஒரு தேர்வும் இருக்கும், அதன் பக்கம் போகாதீர்கள். ஐமேப்பில் மெயில் சர்வரிலேயே இருக்கும், இங்கே படித்தது போனிலும் படித்ததாகக் காட்டும், இங்கே நீக்கியது அங்கேயும் போகும். பாப் அப்படியில்லை, மெயிலை இறக்கிக்கொண்டு செட்டிங்கைப் பொறுத்து சர்வரிலிருந்து அழித்தும்விடும், அப்புறம் போனில் தேடினால் கிடைக்காது.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இடதுபக்க ஃபோல்டர் பட்டியலின் மேலே இருக்கும் மூன்று புள்ளியை அழுத்தி, ஃபோல்டர் மோட்ஸ் என்பதில் யூனிஃபைட் ஃபோல்டர்ஸை டிக் செய்யுங்கள். ஐந்து கணக்குகளின் இன்பாக்ஸும் ஒரே பட்டியலாக, நேர வரிசையில் வந்துவிடும். இதன் அழகு என்னவென்றால் எதுவும் உண்மையில் கலப்பதில்லை. ஒவ்வொரு மெயிலும் அதனதன் கணக்கில்தான் இருக்கிறது, இது பார்வை மட்டும்தான். கூட்டு இன்பாக்ஸுக்குக் கீழேயே ஒவ்வொரு கணக்கும் தனியாகவும் நிற்கும், சங்கத்து மெயில் மட்டும் பார்க்க வேண்டும் என்றால் அதை மட்டும் சொடுக்கினால் போதும். அன்ரெட் என்ற பார்வையையும் சேர்த்துப் போட்டுக்கொண்டால் எந்தக் கணக்கில் படிக்காதது கிடக்கிறது என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். அந்த யாஹூவில் வரும் பேங்க் மெயிலை நான் அன்றைக்கன்றே பார்ப்பது இதனால்தான்.

பல கணக்கு வைத்திருப்பவருக்கு உண்மையான ஆபத்து மெயில் வாங்குவதில் இல்லை, அனுப்புவதில்தான் இருக்கிறது. அலுவலகத்து வாடிக்கையாளருக்கு சொந்த ஜிமெயிலிலிருந்து கொட்டேஷன் போகக் கூடாது; சங்க உறுப்பினர்களுக்கான மெயில் அலுவலக முகவரியில் போனால் அதைவிடத் தலைவலி. தண்டர்பேர்டில் பதில் எழுதும்போது மெயில் எந்த முகவரிக்கு வந்ததோ அதிலிருந்தே பதில் போகும், நீங்கள் எதையும் தொட வேண்டாம். புதிதாக எழுதும்போதுதான் கவனம் வேண்டும். கூட்டு இன்பாக்ஸில் நின்றுகொண்டு எழுத ஆரம்பித்தால் டிஃபால்ட் கணக்கை எடுத்துக்கொள்ளும். அனுப்புநர் பெட்டியை ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்புங்கள். 2024-இல் வந்த 128-ஆம் பதிப்பிலிருந்து ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு நிறம் கொடுக்கலாம், எழுதும் ஜன்னலில் அனுப்புநர் முகவரி பக்கத்திலும் அந்த நிறம் தெரியும். அலுவலகத்துக்கு சிவப்பு கொடுத்திருக்கிறேன், கண் தானாகவே அங்கே போகிறது. சின்ன வசதிதான், ஆனால் இதற்காகவே பழைய பதிப்பில் இருப்பவர்கள் மாறலாம்.

இதோடு சேர்ந்த இன்னொன்றையும் கட்டாயம் சரிபாருங்கள். அக்கவுண்ட் செட்டிங்ஸில் ஒவ்வொரு கணக்கின் பக்கத்திலும் அவுட்கோயிங் சர்வர் எது என்று கீழே இருக்கும். அலுவலகக் கணக்குக்கு நேரே ஜிமெயில் சர்வர் நின்றால் மெயில் போகும், ஆனால் ஜிமெயில் தன் முகவரியையே அனுப்புநராக மாற்றிப் போட்டுவிடும். கணக்குக்குக் கணக்கு அதனதன் சர்வரே இருக்க வேண்டும். ஒரே கணக்கில் பல முகவரி வைத்திருப்பவர்கள், உதாரணமாக ஒரே டொமைனில் சேல்ஸ் என்றும் சப்போர்ட் என்றும் இரண்டு முகவரிகளுக்கும் வரும் மெயில் ஒரே பெட்டிக்குள் விழுகிறது என்றால், தனிக் கணக்கு போட வேண்டாம். மேனேஜ் ஐடென்டிட்டீஸ் என்பதில் சேர்த்துவிட்டால் போதும், ஒவ்வொன்றுக்கும் தனிக் கையெழுத்துகூட வைத்துக்கொள்ளலாம்.

ஜிமெயில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஜிமெயிலின் லேபிள்கள் எல்லாம் இங்கே ஃபோல்டர்களாகத் தெரியும், ஆல் மெயில் என்பதும் ஒரு ஃபோல்டராக வரும். இன்பாக்ஸில் இருக்கும் மெயில் ஆல் மெயிலிலும் இருப்பதால் ஒரே மெயில் இரண்டு தடவை இறங்கும், ஹார்ட் டிஸ்க்கில் இடம் வீணாகும். பிரவுசரில் ஜிமெயில் செட்டிங்ஸ் போய், லேபிள்ஸ் பக்கத்தில் ஆல் மெயிலுக்கு நேரே இருக்கும் ஷோ இன் ஐமேப் டிக்கை எடுத்துவிடுங்கள். முதல் நாளே செய்தால் நல்லது, ஏனென்றால் பல வருட ஜிமெயில் இறங்கி முடியவே நேரமாகும். ராத்திரி விட்டுவிட்டுப் படுப்பதுதான் உத்தமம்.

15 ஜிபி நிறைந்துவிட்டது என்று கூகிள் தினமும் பயமுறுத்தும் நிலையில் இருப்பவர்களுக்கு லோக்கல் ஃபோல்டர்ஸ் பெரிய உதவி. பழைய வருடங்களின் மெயிலை இழுத்து அங்கே போட்டால் உங்கள் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். ஆனால் இன்பாக்ஸிலிருந்து இப்படி நகர்த்துவதால் மட்டும் ஜிமெயிலில் இடம் காலியாகாது, வழக்கமான செட்டிங்கில் லேபிள்தான் போகும், மெயில் ஆல் மெயிலில் அப்படியே இருக்கும். பிரவுசரில் போய் அதை நீக்கி, ட்ராஷையும் காலி செய்ய வேண்டும். அதைச் செய்வதற்கு முன்னால் புரொஃபைல் ஃபோல்டரை ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் காப்பி எடுத்துவிடுங்கள், அந்த ஒரு ஃபோல்டருக்குள்தான் எல்லாக் கணக்குகளின் மெயிலும் செட்டிங்கும் இருக்கிறது. டூல்ஸ் மெனுவில் எக்ஸ்போர்ட் இருக்கிறதே என்று கேட்கலாம். அது 2 ஜிபிக்கு உட்பட்ட புரொஃபைலுக்குத்தான் சரிவரும், ஐந்து கணக்குக்காரருக்கு அதெல்லாம் போதாது. கரண்டோ நெட்டோ போன சமயத்திலும் இறங்கிய மெயிலை லேப்டாப்பில் படிக்கலாம், தேடலாம் என்பதும் இந்த ஏற்பாட்டின் பலன்.

தமிழ் மெயில்கள் ஒழுங்காகத் தெரிகின்றன. செட்டிங்ஸில் எழுத்துரு பகுதியில் அட்வான்ஸ்ட் அழுத்தினால் தமிழுக்கென்று தனி எழுத்துரு தேர்ந்தெடுக்கலாம். யூனிகோடுக்கு முந்தைய, டிஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்து முறைக் காலத்து மெயில் வைத்திருப்பவர்களுக்கு அவை இங்கேயும் புரியாத குறிகளாகத்தான் தெரியும், வெளியே ஒரு மாற்றியில் போட்டுத்தான் படிக்க வேண்டும்.

குறைகளும் உண்டு. ஃபில்டர்கள் நன்றாக எழுதலாம், ஆனால் தண்டர்பேர்ட் திறந்திருக்கும்போதுதான் வேலை செய்யும். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போனில் பார்த்தால் மெயில் எல்லாம் பிரிக்கப்படாமல் குவிந்துதான் கிடக்கும். தேடல் வசதி ஜிமெயிலின் தேடலுக்குப் பக்கத்தில்கூட வராது. தினசரித் தேவைக்கு நான் பயன்படுத்துவது கன்ட்ரோல்-ஷிஃப்ட்-கே அழுத்தினால் வரும் குவிக் ஃபில்டர், கூட்டு இன்பாக்ஸில் நின்று அதில் பெயரை அடித்தால் ஐந்து கணக்கிலும் வடிகட்டித் தந்துவிடும். வீட்டில் ஒரே கம்ப்யூட்டரை எல்லோரும் பயன்படுத்துகிறீர்கள் என்றால் இன்னொன்று: பிரைமரி பாஸ்வேர்ட் என்று ஒன்று இருக்கிறது, அது சேமித்த பாஸ்வேர்டுகளைத்தான் பூட்டும், ஏற்கெனவே இறங்கிய மெயிலைப் பூட்டாது. ஆளுக்கொரு விண்டோஸ் லாகின் வைத்துக்கொள்வதுதான் வழி.

போனிலும் வேண்டும் என்பவர்களுக்கு, 2024 அக்டோபரில் ஆண்ட்ராய்டு பதிப்பு வந்தது. 2022-இல் தண்டர்பேர்டோடு சேர்ந்த கே-9 மெயில்தான் அதன் அடித்தளம். டெஸ்க்டாப்பில் காட்டும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் கணக்குகள் போனுக்குப் போய்விடும், ஐந்தையும் திரும்ப அடித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

இதெல்லாம் இலவசம். 2004 டிசம்பரில் முதல் பதிப்பு வந்தது, 2012-இல் இதை உருவாக்கிய மொசில்லா இதில் புது வசதி சேர்ப்பதைக் குறைத்துக்கொள்வதாகச் சொன்னபோது கதை முடிந்தது என்றே பலர் நினைத்தார்கள். பயன்படுத்துபவர்கள் கொடுத்த நன்கொடைதான் இதைக் காப்பாற்றியது, 2020 முதல் மொசில்லா அறக்கட்டளையின் கீழ் எம்இஸட்எல்ஏ என்ற தனி நிறுவனம் பார்த்துக்கொள்கிறது, இன்றும் ஓடுவது நன்கொடையில்தான். முடிந்தவர்கள் கொடுங்கள். நான் கொடுத்திருக்கிறேன், கொடுப்பதற்குத் தகுதியான வேலை இது.

டவுன்லோட் பக்கத்தில் ரிலீஸ், இஎஸ்ஆர் என்று இரண்டு இருக்கும். ரிலீஸ் மாதாமாதம் மாறும், இஎஸ்ஆரில் பெரிய மாற்றம் வருடத்துக்கு ஒருமுறைதான். உங்கள் அலுவலக மெயில் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் சர்வரில் இருந்தால் ரிலீஸ் போடுங்கள், 2025 நவம்பரில் வந்த 145-ஆம் பதிப்பிலிருந்துதான் எக்ஸ்சேஞ்ச் கணக்கை ஆட்-ஆன் எதுவும் இல்லாமல் நேராகச் சேர்க்க முடிகிறது. அந்தத் தேவை இல்லாதவர்களுக்கு இஎஸ்ஆரே போதும்.