ஊசி குத்தாமல் சீனி பார்க்கும் மணிக்கூடு: மட்டக்களப்பில் வாங்க இருப்பவர்கள் ஒருமுறை வாசித்துவிட்டுப் போங்கள்

மட்டக்களப்பு டவுனிலும் கல்முனைப் பக்கமும் போன் சாமான் விற்கிற கடைகளில் இப்போது ஒரு மணிக்கூடு தொங்குகிறது. சதுர முகம், கறுப்புப் பட்டி, பின்பக்கத்தில் பச்சை வெளிச்சம். எத்தனை அடி நடந்தோம் என்று எண்ணும், நெஞ்சுத் துடிப்பைச் சொல்லும், பிரஷர் பார்க்கும், ஊசி குத்தாமலே சீனியும் பார்க்கும் என்று பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது. எங்களுக்கு விற்றதில் கடைசி இரண்டும் பச்சைப் பொய். அந்தப் பொய்யை நம்பித்தான் என் அப்பா இரவுக் குளிசையைப் பாதியாக்கினார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் கல்லடியில் இருக்கிறோம். அப்பா பென்சன்காரர். சீனியும் பிரஷரும் அவருக்குப் பல வருடமாக இருக்கின்றன. கிளினிக்கில் டொக்டர் நடக்கச் சொன்னதிலிருந்து விடிய எழும்பிக் கடற்கரையோரம் நடப்பார். எவ்வளவு தூரம் நடக்கிறோம் என்று தெரிந்தால் இன்னும் உற்சாகமாக இருக்கும் என்றார். நியாயமான ஆசைதானே. கட்டாரில் இருக்கிற தம்பி காசு அனுப்பினான். நானும் அப்பாவும் டவுனுக்குப் போனோம்.

கடையில் நான் மூன்று கேள்வி கேட்டேன். இது ஒறிஜினலா? பெட்டியில் பெயர் போட்டிருக்கிற கம்பனியின் செயலியோடு வேலை செய்யுமா? சீனி பார்க்கும் என்பது உண்மையா? மூன்றுக்கும் அந்தப் பையன் கண்ணைப் பார்த்துப் பதில் சொன்னான். "ஒறிஜினல்தான் அக்கா. டொக்டர்மாரே வந்து இதத்தான் எடுத்துட்டுப் போறாங்க. ஐயா, கைய நீட்டுங்க பாப்பம்." அப்பா அப்போதுதான் பக்கத்துக் கடையில் சீனி போட்ட பிளேன்ரீ குடித்துவிட்டு வந்திருந்தார். அரை நிமிடம் பச்சை வெளிச்சம் மின்னியது. திரையில் 5.8. "பாத்தீங்களா ஐயா, நோர்மல்!"

18,500 ரூபாய் சொன்னார்கள், 16,000க்கு இறங்கினார்கள். பில் கேட்டேன். பில் புத்தகம் முடிந்துவிட்டதாம், வரன்டி காட் தருகிறார்களாம். அந்தக் காட்டில் தேதி, ஒரு கிறுக்கல் கையெழுத்து, ஒரு போன் நம்பர். கடையின் பெயரும் இல்லை, முத்திரையும் இல்லை. பில் தராத கடையில் பொருள் வாங்க வேண்டாம் என்பதை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். கேட்டால் பற்றுச்சீட்டு தருவது வியாபாரியின் சட்டக் கடமை.

வீட்டுக்கு வந்து பெட்டியில் இருந்த பெயரை வைத்து அந்தக் கம்பனியின் செயலியைப் போனில் இறக்கினேன். அது இந்த மணிக்கூட்டைக் கண்டுகொள்ளவே இல்லை. உள்ளே இருந்த சின்னத் துண்டில் ஒரு கட்டம் போட்ட படம் இருந்தது. அதைப் போன் கமராவால் படம் பிடித்தால் வேறு ஏதோ ஒரு செயலிக்குக் கொண்டுபோனது. காலடி எண்ணுவதற்கு அந்தச் செயலிக்கு என் புகைப்படங்கள், மெசேஜ், போன் நம்பர்கள் எல்லாம் திறந்துவிட வேண்டுமாம். அடுத்த நாள் கடைக்குப் போன் எடுத்தேன். "புது மொடல் அக்கா, கொஞ்ச நாளையில அப்டேட் வரும்" என்றார்கள்.

பிறகு நடந்ததுதான் பெரிய விஷயம்.

அப்பா அந்த மணிக்கூட்டைக் கழற்றவே இல்லை. காலையில் 5.7, மத்தியானம் 5.8, இரவு 5.9. ஒரு கொப்பியில் கோடு போட்டு எழுதியும் வைத்தார். எங்கள் கிளினிக் கொப்பியில் சீனியை நூற்றுக்கணக்கில்தான் எழுதுவார்கள், 140, 180 என்று. மணிக்கூடு காட்டுவது இன்னொரு அளவு. அதை 18ஆல் பெருக்கினால்தான் நம் கொப்பிக் கணக்கு வரும். 5.8 என்றால் கிட்டத்தட்ட 104. அதாவது எதைச் சாப்பிட்டாலும் எந்த நேரம் பார்த்தாலும் அப்பாவுக்குச் சீனி இல்லை என்று அந்தப் பெட்டி சொல்லிக்கொண்டே இருந்தது. இவ்வளவு நல்லாக இருக்கும்போது குளிசை கூடிப் போய் மயங்கி விழுந்துவிடுவோமோ என்று அப்பா பயந்திருக்கிறார். எங்களிடம் சொல்லாமல் இரவுக் குளிசையை உடைத்துப் பாதி போட்டிருக்கிறார். அவரில் பிழை சொல்ல மாட்டேன். கையில் கட்டியிருக்கிற கருவி நாளுக்கு நாள் ஒரே மாதிரி நல்ல செய்தி சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்.

கிளினிக் நாளில் வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்தார்கள். 212. முந்தின தடவையை விட நன்றாகக் கூடியிருந்தது. நேர்ஸ் குளிசை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று கேட்க, அப்பா கையைத் தூக்கிக் காட்டி, "மிஸ், இதுல அஞ்சரைதானே காட்டுது" என்றார். டொக்டர் மணிக்கூட்டை வாங்கிப் பார்த்தார். குளிசையைப் பழையபடி முழுதாகப் போடச் சொன்னார். இதைப் பார்த்து இனி எந்த முடிவும் எடுக்கக் கூடாது என்றும் சொன்னார். கிளினிக்குக்கு வருகிறவர்கள் இப்படிக் கட்டிக்கொண்டு வருவது இது முதல் தடவை இல்லையாம்.

அன்று இரவு அந்த மணிக்கூட்டை நானே சோதித்தேன். அப்பாவின் சாரம் ஒன்றை இறுக்கமாகச் சுருட்டி அதில் கட்டினேன். சாரத்துக்கு நெஞ்சுத் துடிப்பு 74 வந்தது. இதை மட்டும் வைத்து ஒரு மணிக்கூட்டைப் போலி என்று சொல்லிவிட முடியாது. வெளிச்சம் துணியில் பட்டுத் திரும்பும்போது நல்ல கருவிகளும் சிலவேளை ஏமாறும். ஆனால் சாரத்துக்குப் பிரஷர் 121க்கு 79 என்று வந்தது. சீனி 5.6 என்று வந்தது. பிறகு செயலியில் அப்பாவின் வயதை 64இலிருந்து 25 ஆக்கினேன். திரும்பவும் சாரத்தில் கட்டினேன். பிரஷர் 112க்கு இறங்கியது. வயதை 80 ஆக்கினேன், 130க்கு ஏறியது. இது எதையும் அளக்கவில்லை. நாம் செயலியில் எழுதுகிற வயதைப் பார்த்து, அதற்குப் பொருந்துகிற மாதிரி ஒரு எண்ணை எடுத்துக் காட்டுகிறது. வாங்கி வைத்திருக்கிறவர்கள் இந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாம், ஐந்து நிமிட வேலை.

அந்தப் பச்சை வெளிச்சத்தின் உண்மையான வேலை என்னவென்றால், தோலுக்குள் போய்த் திரும்பி வருகிற வெளிச்சத்தின் அளவை வைத்து, இரத்தம் ஒவ்வொரு துடிப்புக்கும் கூடிக் குறைவதை எண்ணுவது. அதனால் நெஞ்சுத் துடிப்பு சொல்ல முடியும். உள்ளே அசைவை உணரும் சில்லு ஒன்று இருக்கிறது, அது காலடியை எண்ணும். சீனி இரத்தத்தில் கரைந்திருப்பது. அதைத் தோலுக்கு மேலே நின்று அளக்கிற எந்த மணிக்கூட்டுக்கும் மோதிரத்துக்கும் தான் அனுமதி கொடுக்கவில்லை என்று அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2024 பெப்ரவரியில் பொதுமக்களுக்கு எச்சரிக்கையே விட்டது. எந்தக் கம்பனிப் பெயர் போட்டிருந்தாலும் வாங்க வேண்டாம் என்றது. மேற்கையில் ஒட்டிக்கொண்டு சீனி பார்க்கும் கருவிகள் இருப்பது உண்மைதான். ஆனால் அவற்றில் மெல்லிய இழை ஒன்று தோலுக்குள் போகிறது, குறிப்பிட்ட நாளில் மாற்றவும் வேண்டும். ஊசியே இல்லாமல் என்று சொல்லும் கதை வேறு.

பிரஷர் விஷயம் கொஞ்சம் சிக்கலானது, ஏனென்றால் உண்மையாகவே பார்க்கிற மணிக்கூடுகளும் இருக்கின்றன. சம்சுங்கின் சில மணிக்கூடுகள் பார்க்கும். ஆனால் முதலில் கையில் பட்டி கட்டி அளக்கும் பிரஷர் மெஷினோடு ஒப்பிட்டுச் சரிசெய்ய வேண்டும், 28 நாளுக்கு ஒருமுறை அதைத் திரும்பச் செய்யவும் வேண்டும். ஹுவாவேயின் வோட்ச் டி என்பதில் பட்டிக்குள்ளேயே காற்று நிரம்பிக் கையை இறுக்கும் பை இருக்கிறது. கையையும் இறுக்காமல், எந்த மெஷினோடும் ஒப்பிடச் சொல்லாமல், பெட்டியைத் திறந்தவுடனே பிரஷர் சொல்கிறது என்றால் வாங்காமல் திரும்பி வாருங்கள்.

கடைக்குத் திரும்பிப் போன கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இதற்கிடையில் பட்டரியும் ஊதி, பின் மூடி ஒரு பக்கம் கிளம்பியிருந்தது. "தண்ணி பட்டிருக்கு" என்றார்கள். பெட்டியில் தண்ணீர் புகாது என்று போட்டிருக்கிறதே என்றேன். "அது மழைத் தண்ணிக்கு" என்றார்கள். சீனிக் கணக்கைப் பற்றிக் கேட்டேன். "கம்பனி போட்டிருக்கிறத நாங்க சொன்னம், எங்களுக்கென்ன தெரியும்" என்றார் முதலாளி. எங்களுக்கு விற்ற பையன் அன்று தலையை நிமிர்த்தவே இல்லை. விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது என்ற பலகையைக் காட்டினார்கள். களுவாஞ்சிகுடியில் இருக்கிற என் மச்சாள் இதே சாமானை பேஸ்புக் விளம்பரம் பார்த்து எடுத்திருக்கிறா. காசு கொடுத்த பிறகுதான் பார்சலைத் திறக்கவிட்டார்களாம். விளம்பரம் போட்ட பக்கம் இப்போது இல்லை. எங்களுக்காவது போய் நின்று கேட்க ஒரு கடை இருக்கிறது.

சரி, அப்படியென்றால் இப்படியான மணிக்கூடு வாங்கவே கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். நடைக்கு ஒரு துணையாக வேண்டும் என்றால் நல்ல கம்பனியின் சாதாரணப் பட்டியே போதும். 2017இல் அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். அவற்றில் ஆறு, நெஞ்சுத் துடிப்பை ஐந்து வீதத்துக்குள்தான் பிழையாகச் சொன்னன. எரித்த கலோரிக் கணக்கில் மட்டும் எல்லாம் சறுக்கின. இருந்ததில் நல்லதே சராசரியாக 27 வீதம் பிழை. ஆகவே கலோரி எண்ணைப் பார்த்து, இன்றைக்கு இவ்வளவு எரித்துவிட்டேன், இன்னொரு கொத்து ரொட்டி சாப்பிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். உடம்பு இளைக்கவென்று வாங்குகிறவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழகம் இரண்டு வருடம் செய்த ஆய்வு 2016இல் வந்தது. கருவி கட்டியவர்கள் சராசரியாக 3.5 கிலோ குறைந்தார்கள், கட்டாதவர்கள் 5.9 கிலோ குறைந்தார்கள். கட்டிக்கொண்டால் மட்டும் உடம்பு இறங்கிவிடாது.

பத்தாயிரம் அடி நடக்காவிட்டால் பிரயோசனம் இல்லை என்று கடைக்காரர்கள் சொல்வதையும் கணக்கெடுக்க வேண்டாம். அது 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த காலடி எண்ணும் கருவி ஒன்றோடு பரவிய கணக்கு. 2019இல் வந்த ஆய்வு ஒன்றில், வயதான பெண்களில் நாளுக்கு ஏறக்குறைய 4,400 அடி நடந்தவர்களிடமே, 2,700 அடி நடந்தவர்களை விட இறப்பு குறைவாக இருந்தது. 7,500க்கு மேல் போனவர்களுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. அப்பாவுக்கு இதைச் சொன்ன பிறகு மனம் கொஞ்சம் ஆறியது. கடற்கரையில் அவர் நடக்கிற நடை கிட்டத்தட்ட அவ்வளவு வரும் என்று நினைக்கிறேன். மணிக்கூடு சொன்ன எண்ணை இதற்கும் நம்ப முடியாது, பஸ்ஸில் களுவாஞ்சிகுடிக்குப் போய்வந்த நாளில்தான் அது ஆகக் கூடுதலாக எண்ணியிருந்தது.

வாங்குவதென்றால், காசு கொடுக்கும் முன் கடையில் வைத்தே அந்தக் கம்பனியின் சொந்தச் செயலியைப் போனில் இறக்கி மணிக்கூட்டை இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். இணையவில்லை என்றால் அது அந்தக் கம்பனிப் பொருள் இல்லை. பெட்டியில் உள்ள பெயரை எழுத்தெழுத்தாக வாசியுங்கள், எங்களுடையதில் ஒரு எழுத்து மாறியிருந்தது, அது தெரியாத மாதிரி எழுத்தின் வடிவத்தை வளைத்து மறைத்திருந்தார்கள். வீட்டில் சீனி, பிரஷர் வருத்தக்காரர் இருந்தால் அந்தக் காசை முதலில் மேற்கையில் கட்டும் பிரஷர் மெஷினுக்கும் விரலில் குத்திப் பார்க்கும் சீனி மெஷினுக்கும் போடுங்கள். சீனி மெஷினுக்கு இரத்தம் வைத்துப் பார்க்கும் துண்டு கிடைக்கிறதா, அதன் காலாவதித் தேதி என்ன என்று பார்த்து வாங்க வேண்டும். அப்பாவுக்கு இப்போது இரண்டும் எடுத்துக் கொடுத்திருக்கிறோம். விரலில் குத்துவது நோகிறது என்கிறார், ஆனாலும் பார்க்கிறார்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். வரன்டி காட், பெட்டி, சாரத்தில் கட்டி எடுத்த வீடியோ, போனில் கடைக்குக் காசு மாற்றிய பதிவு எல்லாம் சேர்த்துக் கொடுத்தோம். பில் இல்லாததால் அந்தக் காசுப் பதிவுதான் எங்களுக்குப் பெரிய ஆதாரம். அதற்குப் பிறகு கடையிலிருந்து போன் வந்தது, அதே சாமானில் இன்னொன்று தருகிறார்களாம். வேண்டாம், காசுதான் வேண்டும் என்று சொல்லிவிட்டோம். விசாரணை இன்னும் முடியவில்லை.

இதே பெட்டியை வாங்கியவர்கள் இருந்தால் 1977 என்ற எண்ணுக்கு எடுங்கள், அல்லது கச்சேரியில் விசாரித்து அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்துக்குப் போங்கள். வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், தள்ளிப்போடாதீர்கள். வீட்டில் கிளினிக் போகிறவர் யாராவது இதைக் கையில் கட்டியிருந்தால், இன்று இரவே பக்கத்தில் இருந்து குளிசையை முழுதாகப் போடுகிறாரா என்று பாருங்கள்.