அச்சுக் கோப்புத் தயாரிப்பில் ஸ்கிரைபஸ் 1.6

நூல் அட்டை, விழா மலர், துண்டறிக்கை போன்றவற்றை ஆஃப்செட் அச்சகத்துக்கு அனுப்பும் பக்குவத்தில் தயாரிக்க, விலை கொடுத்து வாங்கும் மென்பொருள்தான் வேண்டும் என்ற நிலை இன்று இல்லை. 2003-இல் முதல் நிலையான பதிப்பு வெளியான கட்டற்ற பக்க வடிவமைப்பு மென்பொருளான ஸ்கிரைபஸ், 2024 ஜனவரியில் வந்த 1.6 பதிப்பின் மூலம் தமிழ் வேலைக்கும் உரியதாகிவிட்டது என்றே மதிப்பிடுகிறேன். முந்தைய 1.4 வரிசையில் யூனிகோட் தமிழை இட்டால், எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும். எழுத்துகளைச் சரியான வரிசையில் கோக்கும் ஹார்ஃப்பஸ் என்னும் நிரல் இணைக்கப்பட்ட பிறகு அந்தக் குறை தீர்ந்தது.

இதன் உண்மையான பலம், பிடிஎஃப் ஆக்குவதற்கு முன் நடக்கும் பிழைச் சோதனையில் இருக்கிறது. சட்டகத்துக்குள் (உரை, படங்களை இடும் பெட்டி) அடங்காமல் மறைந்துபோன வரிகளையும், இடம் மாறிக் காணாமல்போன படங்களையும், தெளிவு குறைந்த படங்களையும் அது பக்கவாரியாகக் காட்டுகிறது. படத்தின் மூல அளவை மட்டும் பார்க்காமல், பக்கத்தில் எந்த அளவுக்கு அது விரிக்கப்பட்டிருக்கிறது என்பதையும் சேர்த்தே கணக்கிடுவதால், 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கான புள்ளிகள்) படத்தை இரு மடங்காக இழுத்து வைத்தால் அது 150 ஆகிவிட்டதை உடனே அறியலாம். எச்சரிக்கைக்கான குறைந்தபட்ச அளவை நாமே உயர்த்தி வைத்துக்கொள்வது நல்லது.

கறுப்பு நிறத்தைக் கையாளும் விதம் தனியே பாராட்டத்தக்கது. திரைக்குரிய ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) கறுப்பில் அமைந்த உரை, அச்சுக்குரிய சிஎம்ஒய்கேவுக்கு (சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மைகள்) மாறும்போது பெரும்பாலும் நான்கு பிளேட்டுகளிலும் (மைக்கு ஒன்றாக அமையும் அச்சுத் தகடுகள்) பரவிவிடும். பிளேட் இம்மியளவு விலகினாலும் தமிழின் சிறிய சுழிகளும் புள்ளிகளும் மங்கிப்போகும். ஸ்கிரைபஸின் இயல்பான கறுப்போ கறுப்பு மை மட்டுமே 100 சதவீதம் கொண்டது. ஆனால் அதே பட்டியலில் உள்ள ‘ரெஜிஸ்ட்ரேஷன்’ நிறம் (பிளேட்டுகளைப் பொருத்தும் குறிகளுக்கானது) நான்கு மைகளையும் முழுமையாகக் கொட்டும் என்பதால், உரைக்கு அதைத் தொடவே கூடாது. ஓரிடத்தில் விழும் நான்கு மைகளின் சதவீதங்களைக் கூட்டிய மொத்த மை அளவை முன்னோட்டத்திலேயே பார்க்கும் வசதியும் உண்டு (கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்னும் துணை மென்பொருள் நிறுவப்பட்டிருக்க வேண்டும்). செய்தித்தாளுக்கு ஏறத்தாழ 240 சதவீதத்துக்குள்ளும், வழவழப்பான ஆர்ட் தாளுக்கு 300-ஐ ஒட்டியும் வைத்துக்கொண்டால் மை காயாமல் அடுத்த தாளில் ஒட்டும் தொல்லை குறையும்.

வெட்டு ஓரத்துக்கு வெளியே நிறமும் படமும் நீளும் 3 மில்லிமீட்டர் பிளீடை ஆவண அமைப்பிலேயே குறித்துவிடலாம். அச்சுக்கென வகுக்கப்பட்ட பிடிஎஃப்/எக்ஸ்-1ஏ, எக்ஸ்-3, எக்ஸ்-4 தரங்கள் மூன்றும் உள்ளன; ஆயினும் நிற மேலாண்மையை (திரையிலும் அச்சிலும் நிறம் ஒத்திருக்கச் செய்யும் அமைப்பு) இயக்கினால் மட்டுமே அவை தேர்வுக்கு வரும் என்பதைப் புதியவர்கள் ஊகிக்க முடியாது. இந்த இடத்தில் மென்பொருள் ஒரு வரி விளக்கம் தந்திருக்க வேண்டும்.

குறைகளும் உண்டு. நீண்ட உரை முழுவதையும் தொடர் சட்டகங்களில் ஓடவிட்டால் வேகம் வெகுவாகக் குறைகிறது; ஆகவே நாவல் போன்றவற்றை அத்தியாயம் அத்தியாயமாகத் தனிக் கோப்புகளில் அமைப்பதே நல்லது. 1.6-இல் சேமித்த கோப்பை 1.4-இல் திறக்க முடியாது. இன்னும் சில அச்சகங்கள் கோரல்டிரா என்னும் வணிக வடிவமைப்பு மென்பொருளின் கோப்பையே கேட்கின்றன. அங்கே வேலை கொடுப்பதற்கு முன், பிடிஎஃப்/எக்ஸ் கோப்பை அப்படியே பிளேட்டுக்கு அனுப்புவார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.