அளவு நாடாவுடன் ஒரு கல்லூரிக்குப் போனோம்

என் தங்கை இந்த ஆண்டு பிளஸ் டூ வணிகவியல் பிரிவில் தேறியிருக்கிறாள். மும்முறைத் தாண்டுதலில், மைதானத்தில் எல்லாரும் சொல்கிறபடி டிரிபிள் ஜம்ப்பில், அவளுடைய சிறந்த தூரம் 11.42 மீட்டர். சென்ற அக்டோபரில் ஒரு பள்ளிப் போட்டியில் அவள் தாண்டியதைப் பார்த்த உடற்கல்வி இயக்குநர் ஒருவர், ஆவடி மின்ரயில் தடத்தில் உள்ள தம் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் பி.காம். இடம் தருவதாகச் சொன்னார். சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்த, தன்னாட்சி பெறாத, சிறிய சுயநிதி மகளிர் கல்லூரி அது. நான் வேறொரு கல்லூரியில் மூன்று ஆண்டுகள் தடை ஓட்டம் ஓடியவள். சேரும்போது ஒரு கேள்வியும் கேட்காமல் சேர்ந்து பட்டவள் என்பதால், டிசம்பர், பிப்ரவரி, மே என மூன்று முறை அங்கே போய்ப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். கல்லூரியின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இப்படிப்பட்ட சிறிய கல்லூரி எதைப் பார்க்கப் போனாலும் இதே கேள்விகள்தாம் உதவும்.

முதல் வருகையில் வழக்கம்போல முதல்வர் அறைக்கு வெளியே இருந்த கோப்பை அலமாரியைத்தான் காட்டினார்கள். கண்ணாடிக்குள் நாற்பதுக்கும் மேற்பட்ட கோப்பைகள் இருந்தன. என் அம்மா வியந்து நிற்க, நான் ஒவ்வொன்றிலும் பொறித்திருந்த ஆண்டையும் விளையாட்டையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். முக்கால்வாசிக்கு மேல் கைப்பந்துக் கோப்பைகள். தடகளத்தில் இருந்தவை ஏழு. அவற்றில் ஐந்து, அடுத்தடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் வந்தவை. அந்த மூன்று ஆண்டுகளில் என்ன நடந்தது என்று கேட்டபோது, ஒரே ஒரு மாணவி குறுந்தொலைவு ஓட்டங்களில் வென்றுகொண்டே இருந்ததாகச் சொன்னார்கள். அவள் படிப்பு முடிந்து போனதும் கோப்பைகளும் நின்றுவிட்டன. ஆகவே, தடகளத்தைப் பொறுத்தவரை அந்த அலமாரி சொல்வது ஒரு மாணவியின் திறமையை. கல்லூரியின் பயிற்சி முறையை அன்று. கைப்பந்தில் நிலைமை வேறு. பத்தாண்டுகளுக்கும் மேலாக ஆண்டு தவறாமல் ஏதாவது ஒரு கோப்பை வந்திருக்கிறது.

அன்று மைதானத்தில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஒரு சென்னைக் கல்லூரி மைதானத்தைப் பார்க்காமல் எந்த முடிவும் எடுக்கக் கூடாது என்பது என் கருத்து. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மூன்று மாதங்கள் என்பது ஒரு கல்வியாண்டின் பயிற்சிக் காலத்தில் பெரும் பங்கு. மழை நாட்களில் என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்கு, வகுப்புக் கட்டடத்தின் மாடிப்படிகளிலும் நீண்ட தாழ்வாரத்திலும் உடற்பயிற்சி நடக்கும் என்று பதில் வந்தது. ஓடுபவர்களுக்கு அது ஓரளவு போதும். தாண்டுபவர்களுக்குப் போதாது. சிமென்ட் தரையில் திரும்பத் திரும்பத் துள்ளினால் கெண்டைக்காலின் முன் எலும்புதான் முதலில் வலிக்கத் தொடங்கும்.

இரண்டாவது முறை, பிப்ரவரி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, யாரிடமும் சொல்லாமல் காலை ஐந்தரை மணிக்கு நான் மட்டும் போனேன். காவலாளி அண்ணன் முதலில் உள்ளே விடவில்லை. தங்கையைச் சேர்க்கப் பார்க்கிறோம் என்றதும் விட்டார். கைப்பந்துத் திடல்கள் இரண்டிலும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வலை கட்டியாகிவிட்டது. பயிற்றுநர் ஏற்கெனவே வந்து, பந்தை எடுத்துக் கொடுப்பவர்களுக்குத் தனியாகவும் தடுப்பவர்களுக்குத் தனியாகவும் பயிற்சி தந்துகொண்டிருந்தார். ஓடுதளத்தில் ஆறு மணிக்குத்தான் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பகுதிநேரத் தடகளப் பயிற்றுநர் வாரத்தில் நான்கு நாட்கள் வருவாராம். அன்று அவர் வராத நாள். பெரியவள் ஒருத்தி சொல்லச் சொல்ல மற்றவர்கள் செய்தார்கள். அவள் பொறுப்பாகத்தான் நடத்தினாள், ஆனாலும் அவளும் ஒரு மாணவிதானே.

விசாரிப்பவர்கள் பெரும்பாலும் கேட்கத் தவறும் எண் ஒன்று உண்டு: பயிற்சிக்கு வருபவர்களில் மூன்றாம் ஆண்டு மாணவிகள் எத்தனை பேர்? முதலாம் ஆண்டில் எல்லாக் கல்லூரியிலும் கூட்டம் இருக்கும், ஏனென்றால் இடம் கிடைத்த மகிழ்ச்சியில் எல்லாரும் வருவார்கள். யார் தங்குகிறார்கள் என்பதில்தான் அத்துறையின் உண்மை நிலை தெரியும். அன்று தடகளப் பயிற்சிக்கு வந்தவர்களில் முதலாம் ஆண்டு மாணவிகள் பதினான்கு பேர், இரண்டாம் ஆண்டில் ஒன்பது பேர், மூன்றாம் ஆண்டில் மூன்றே பேர். கைப்பந்தில் களமிறங்கும் ஆறு பேரில் நான்கு பேர் மூன்றாம் ஆண்டு. ஒரே வளாகத்தில், ஒரே நிர்வாகத்தின்கீழ், இரண்டு விளையாட்டுகளுக்கும் இவ்வளவு வேறுபாடு.

அந்த மூவரில் ஒருத்தி 800 மீட்டர் ஓடுபவள். மற்றவர்கள் ஏன் நின்றார்கள் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே, "ஓடுறதைவிட ஓ.டி. லெட்டர்ல கையெழுத்து வாங்கத்தான் அக்கா நான் அதிகமா ஓடியிருக்கேன்" என்றாள். இந்தச் சிக்கலை என் சொந்த அனுபவத்தில் நான் நன்றாக அறிவேன். தேர்வு எழுத 75 சதவீத வருகைப்பதிவு வேண்டும். போட்டிக்குப் போன நாட்களை ஆன் டியூட்டியாகக் கணக்கிட, உடற்கல்வித் துறையின் கடிதம் வகுப்பு ஆசிரியர், துறைத் தலைவர், அலுவலகம் என்று மூன்று மேசைகளைத் தாண்ட வேண்டும். நான் படித்த கல்லூரியில் இரண்டாம் ஆண்டில் ஒன்பது நாள் போட்டிக்குப் போய் வந்தேன். கடிதம் இரண்டாவது மேசையிலேயே தொலைந்தது. பருவ முடிவில் என் வருகைப்பதிவு குறைந்து, கல்லூரிக்காக ஓடியதற்கு நானே அபராதம் கட்டினேன். அகமதிப்பீட்டிலும் இதே கதைதான். ஒரு தாளுக்கு 25 மதிப்பெண்கள் அகமதிப்பீட்டுக்கும் 75 பல்கலைக்கழகத் தேர்வுக்கும் என்று பிரித்திருக்கும்போது, போட்டி நாளில் நடந்த அகத் தேர்வுக்கு மறுதேர்வு வைக்காத ஓர் ஆசிரியர் போதும், ஒரு வீராங்கனை பயிற்சியைக் கைவிட. தன்னாட்சி பெறாத கல்லூரி என்பதால் பருவத் தேர்வுத் தேதி இவர்கள் கையில் இல்லை. ஆனால் மறுதேர்வு இவர்கள் கையில்தான் இருக்கிறது.

இதை மூன்றாவது வருகையில் உடற்கல்வி இயக்குநரிடம் நேரடியாகக் கேட்டேன். அவர் மழுப்பவில்லை. வணிகவியல் துறையில் இப்போதைய தலைவர் ஒத்துழைப்பதாகவும், வேறு சில துறைகளில் தாமே போய்க் கெஞ்ச வேண்டியிருப்பதாகவும் ஒப்புக்கொண்டார். எழுத்தில் ஏதாவது விதி இருக்கிறதா என்றேன். இல்லை. ஆக, தங்கைக்குக் கிடைக்கப்போகும் ஒத்துழைப்பு ஒரு தனி மனிதரின் நல்ல மனத்தைப் பொறுத்தது. அவர் மாறினால் அதுவும் மாறக்கூடும்.

இனி மணல் குழிக்கு வருகிறேன். மே மாதம் தங்கையும் உடன் வந்ததால் நாடாவைப் பிடிக்க ஆள் இருந்தது. ஓடுதளம் 200 மீட்டர் மண் தளம். சுண்ணாம்புக் கோடுகள் ஒழுங்காகவே போட்டிருந்தார்கள், ஆனால் வளைவுகள் மிகவும் குறுகல். மணல் குழியின் அகலம் 2.80 மீட்டர், விதிப்படி சரி. மணலும் கட்டி தட்டாமல், மண்வெட்டியால் கிளறி விட்டதாக இருந்தது. இதைச் செய்பவர் யாரோ அவருக்கு நன்றி. ஓடிவரும் பாதையின் நீளம், குழியின் விளிம்பிலிருந்து அளந்தால், 36 மீட்டர். குழிக்கு 2 மீட்டர் முன்னால், ஓடிவந்து கால் ஊன்றி எம்புவதற்கான பலகையை நீளம் தாண்டுதலுக்காகப் பதித்திருக்கிறார்கள். அதன்படி நீளம் தாண்டுபவர்களுக்கு 34 மீட்டர் ஓட்டம் கிடைக்கும். மும்முறைத் தாண்டுதலிலோ முதல் இரண்டு தாண்டல்களும் பாதையிலேயே விழும், மூன்றாவதுதான் மணலில். அதனால் பலகை குழியிலிருந்து வெகுதூரம் தள்ளி இருக்க வேண்டும். சர்வதேசப் போட்டிகளில் பெண்களுக்கு அது 11 மீட்டர். பயிற்சிக்கும் தொடக்க நிலைப் போட்டிகளுக்கும் 9 மீட்டரில் வைப்பதுண்டு. இங்கே 9 மீட்டரில் பலகையே இல்லை, ஒரு சுண்ணாம்புக் கோடுதான் இருந்தது. அந்தக் கோட்டிலிருந்து பின்னால் கணக்கிட்டால் ஓடிவர மிஞ்சுவது 27 மீட்டர். என் தங்கையின் முழு ஓட்டம் 30 மீட்டருக்குச் சற்று மேல். 11 மீட்டரில் வைத்தால் 25 மீட்டர்தான் மிஞ்சும்.

கோட்டுக்கும் பலகைக்கும் என்ன பெரிய வேறுபாடு என்று அம்மா கேட்டார். பலகை 20 சென்டிமீட்டர் அகலம். முழு வேகத்தில் வந்து, முன் விளிம்பைத் தாண்டாமல் அதன்மேல் பாதம் பதிய வேண்டும். கோட்டில் பழகியவள் நாளை போட்டியில் பலகையைக் கண்டதும், தன்னை அறியாமல் கடைசி இரண்டு அடிகளைச் சுருக்குவாள் அல்லது நீட்டுவாள். ஒன்று வேகம் போகும், அல்லது ஃபவுல் ஆகும். அதைவிட, ஓட்டத்தையே 3 மீட்டர் குறைத்துப் பழகினால் அவள் கற்றுக்கொள்வது வேறு ஒரு தாண்டல். "இங்க பிராக்டிஸ் பண்ணா என் மார்க்கே மறந்துடும் அக்கா" என்று, ஓட்டத்தைத் தொடங்கும் குறியைப் பற்றித் தங்கை என் காதில் சொன்னாள்.

ஆனால் அவளுடைய தற்போதைய பயிற்றுநர் பெரியமேடு ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கத்தில் பயிற்சி தருகிறார். அங்கே செயற்கை இழை ஓடுதளம் இருக்கிறது. 1995ஆம் ஆண்டு தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளை நடத்திய அரங்கம் அது. கல்லூரியில் சேர்ந்த பின்னும் அங்கே பயிற்சியைத் தொடரலாமா என்று கேட்டோம். "தாராளமாப் போகட்டும்மா. எங்க காலேஜ் பேர்ல வந்து தாண்டினா எனக்குப் போதும்" என்றார் இயக்குநர். இது நேர்மையான பதில். பெரிய கல்லூரிகள் சில, தம் பயிற்றுநரிடம்தான் பழக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதும் உண்டு. இருந்தாலும், பயிற்சி வெளியில், பயணச் செலவு வீட்டில் என்றால், கல்லூரி தருவது இடமும் கட்டணச் சலுகையும் மட்டுமே என்று தெளிவாகப் புரிந்துகொண்டு சேர வேண்டும்.

கட்டணச் சலுகை முதலாண்டில் கற்பிப்புக் கட்டணத்தில் பாதி. அடுத்த ஆண்டுகளில் "சாதனையைப் பொறுத்து" என்று விண்ணப்பத்தில் அச்சிட்டிருந்தார்கள். காயம் பட்டு ஒரு பருவம் ஓட முடியாமல் போனால் என்ன ஆகும் என்று நான் இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது, ஏனெனில் மூன்றாம் ஆண்டில் என் தொடையின் பின்தசை கிழிந்தபோது, கட்டிலில் படுத்திருந்த வாரத்திலேயே முழுக் கட்டணத்துக்கான ரசீது வீட்டுக்கு வந்தது. இங்கே மருத்துவச் சான்று கொடுத்தால் ஓராண்டுக்குச் சலுகை தொடரும் என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். எழுதித் தரக் கேட்டோம். முதல்வர் சற்றுத் தயங்கினார், பிறகு தட்டச்சு செய்யச் சொல்லிக் கையெழுத்திட்டார். இந்த மூன்று வருகைகளில் எனக்கு மிகவும் நம்பிக்கை அளித்த நிகழ்ச்சி இதுதான். ஆயிரக்கணக்கான மாணவிகள் படிக்கும் ஒரு நிறுவனத்தில் முதல்வரின் அறைக்குள்ளேயே நாங்கள் போயிருக்க மாட்டோம்.

உணவு பரவாயில்லை. பயிற்சி முடிந்ததும் இரண்டு அவித்த முட்டை, ஒரு வாழைப்பழம், சுண்டல். தேர்வுக் காலத்தில் நிறுத்திவிடுவார்களாம். சீருடை ஒரு செட் தருகிறார்கள், ஸ்பைக்ஸ் எனும் முள் காலணி சொந்தச் செலவு. பிசியோதெரபிஸ்ட் கிடையாது, சுளுக்குக்குக் கேன்டீனிலிருந்து ஐஸ் வரும். காலை ஐந்தரைக்கு மைதானத்தை ஒட்டிய கழிப்பறை பூட்டிக் கிடந்தது. சாவி துப்புரவுப் பணியாளர் வரும் ஏழு மணிக்குத்தான் கிடைக்கும் என்றார்கள். பெண்கள் மட்டுமே படிக்கும் கல்லூரியில், விடியற்காலை வந்து இரண்டு மணி நேரம் ஓடும் பிள்ளைகளுக்கு இதைவிட அடிப்படையான தேவை எது என்று எனக்குத் தெரியவில்லை. இயக்குநரிடம் சொன்னேன், ஒரு சாவியை அணித் தலைவியிடம் கொடுப்பதாகக் குறித்துக்கொண்டார்.

கைப்பந்து விளையாடும் பெண் யாராவது என்னிடம் கேட்டால், யோசிக்காமல் இங்கே சேரச் சொல்வேன். நடுத்தொலைவு ஓடுபவர்கள் வெளியில் நல்ல மைதானம் பார்த்துக்கொண்டால் சேரலாம். எறிதல் போட்டிகளுக்கு இங்கே போதிய இடமே இல்லை. தாண்டுபவர்களுக்கு வெளியே சொந்தப் பயிற்றுநர் இருந்தால் மட்டும் சரிவரும். சிறிய கல்லூரியில் ஒரு நன்மையும் இருக்கிறது: கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் ஒரு நிகழ்வுக்கு ஒரு கல்லூரியிலிருந்து குறிப்பிட்ட சிலரைத்தான் இறக்க முடியும் என்பதால், பெரிய கல்லூரியில் நான்காவது இடத்தில் காத்திருக்கும் ஒருத்தி இங்கே முதலாண்டிலேயே களம் காணலாம். பல்கலைக்கழக அணிக்கும், 2020இல் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழகப் போட்டிகளுக்கும் வழி அங்கிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு ஒரு பெரிய பெயர் கட்டாயம் தேவை என்று சொல்ல முடியாது.

தங்கை இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சேர்வதாகச் சொன்னாள். பணம் கட்டும் முன், 9 மீட்டரில் ஒரு மரப்பலகை பதிக்க முடியுமா என்று அவளே இயக்குநரைக் கேட்டாள். கேன்டீனில் மேசை சரிசெய்துகொண்டிருந்த தச்சரை அவர் அங்கேயே அழைத்து அளவு சொன்னார்: நீளம் 1.22 மீட்டர், அகலம் 20 சென்டிமீட்டர். பாதையின் பின்பக்கம் உள்ள பழைய சைக்கிள் கொட்டகையை எடுத்தால் இன்னும் 5 மீட்டர் கிடைக்கும் என்றும், அதற்கு நிர்வாகத்திடம் கேட்க வேண்டும் என்றும் சொன்னார். ஜூனில் கல்லூரி திறக்கும்போது பலகை இருக்குமாம். முதல் நாள் பையில் நாடாவை வைத்துக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன்.