எச் 4831 எஸ்சியா, ரீலோடர் 22ஆ?

யாழ்ப்பாணத்தில் வீட்டு மேசையில் வெற்றுக் கோதில் வெடித்தூளும் குண்டும் இட்டு ரவை நிரப்புவதைப் பற்றி வாய் திறந்தாலே அயலட்டை படலையைச் சாத்திவிடும். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் கல்கரியில் மான் வேட்டைக்குப் போகும் என் மருமகனுக்கு அது சட்டப்படியான பொழுதுபோக்கு. அவனுடைய 270 வின்செஸ்டர் துவக்குக்கு எச் 4831 எஸ்சி, ரீலோடர் 22 என்ற இரண்டில் எந்த வெடித்தூள் என்ற கேள்வி, இரசாயனவியல் படிப்பித்து ஓய்வுபெற்ற மாமனிடம் வந்து சேர்ந்தது.

270இன் கோது, அதாவது தூள் நிற்கும் பித்தளைக் கூடு, பெரியது; குழல் ஒடுக்கம். அதில் வேகமாக எரியும் தூளை நிரப்பினால், குண்டு குழலுக்குள் சிறிது தூரம் ஓடுவதற்குள்ளேயே அழுத்தம் எல்லை மீறிவிடும். ஓலை குபீரென்று எரிந்து அடங்கும். புளியங்கட்டை நின்று எரியும். இங்கே தேவை புளியங்கட்டை. தூளின் ஒவ்வொரு மணியும் நடுவில் துளையிட்ட சிறு குச்சி. எரியும்போது வெளிப்பரப்பு சுருங்க, துளையின் உட்பரப்பு விரிகிறது; மேலே பூசிய தணிப்பான் தொடக்கத் தீயை மட்டுப்படுத்துகிறது. அதனால் குண்டு குழலுக்குள் ஓடும்போதும் வாயு அதை விடாமல் தள்ளிக்கொண்டிருக்கும்.

எச் 4831 எஸ்சி, ரீலோடர் 22 இரண்டுமே இந்த வகைதான். வேகம் மட்டும் வேண்டுமென்றால் ரீலோடரைச் சொல்வேன். பல துவக்குகளில் அது சற்றுக் கூடுதலாகவே தருகிறது. சுவீடன் தயாரிப்பு, நைத்திரோசெலுலோசுடன் நைத்திரோகிளிசரினும் சேர்ந்தது. பலவீனம் வெப்பநிலை. கல்கரியில் ஆடி மாதம் 30 பாகையைத் தொடும். கார்த்திகையில் பூச்சியத்துக்குக் கீழே 20 வரை இறங்கும். கோடையில் பார்த்த வேகம் பனியில் குறையும். அதைக்கூடப் பொறுக்கலாம், கிட்டத்தில் நிற்கும் மானுக்கு அது பெரிதல்ல. எனக்குப் பயம் மறுபக்கம்தான்: குளிரில் உச்ச அளவுக்கு நிரப்பிச் சரிபார்த்த ரவை, வெயிலில் நின்ற காருக்குள் கிடந்துவிட்டுக் குழலேறினால் அழுத்தம் எங்கே போகும்?

எச் 4831 எஸ்சி அவுஸ்திரேலியாவின் முல்வாலா ஆலையில் தயாராகிறது. அங்கே அதற்கு ஏஆர் 2213 எஸ்சி என்று பெயர். வெப்பம் ஏறி இறங்கினாலும் அதன் போக்கு அதிகம் மாறுவதில்லை. குச்சிகளைக் கட்டையாக வெட்டியிருப்பதால் அளவைக்கருவியில் சிக்காமல் விழும். என் ஓட்டு இதற்கே.

கடையில் ஒரு கண்ணி காத்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரின் 20 மில்லிமீற்றர் பீரங்கி ரவைகளுக்கான தூள் மிஞ்ச, புரூஸ் ஹொட்ஜ்டன் என்ற அமெரிக்கர் அதை வாங்கி விற்றார். எச் 4831 பிறந்தது அப்படித்தான். பின்னர் டூபொண்ட் நிறுவனம் தன் ஐஎம்ஆர் 4831ஐக் கொண்டுவந்தது. எண் ஒன்றே, ஆனால் ஐஎம்ஆர் வேகமாக எரியும். எச்சுக்கான அளவை அதில் நிரப்பினால் துவக்கும் போகலாம், கண்ணும் போகலாம். எரிவேக அட்டவணையில் பக்கத்தில் நிற்பதாலும் ஒன்றுக்கு ஒன்று மாற்றாகிவிடாது. நிரப்பவேண்டிய தூளின் நிறையைத் தயாரிப்பாளரின் கையேட்டில் மட்டும் பார்க்கச் சொன்னேன், என்னிடம்கூடக் கேட்கக்கூடாது.

இன்னும் மெதுவாக எரியும் எச் 1000, ரெட்டும்போ தூள்கள்? அவை பாரக் குண்டு தள்ளும் பெரிய மேக்னம் கோதுகளுக்கு. 270இன் கோது நிரம்பினாலும் பெரும்பாலும் வேண்டிய அழுத்தம் எழாது. காசு தீச்சுவாலையாகக் குழல் வாயில் போய்விடும்.