ஹெட்செட் மைக் கேட்கவில்லையா? சிபியுவைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடாதீர்கள்

ஆத்திரத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 120 ரூபாயில் முடிய வேண்டிய வேலைக்கு 3,200 ரூபாய் அழுதிருக்கிறேன்.

சென்னையில் கடலோரக் காசிமேட்டில் வீட்டிலிருந்தே பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். போன வாரம் ஃபோனுக்கு வாங்கிய ஹெட்செட்டை கம்ப்யூட்டரில் செருகினேன். அவர்கள் பேசுவது எனக்குக் கேட்கிறது. நான் பேசுவது அவர்களுக்குக் கேட்கவில்லை. "மிஸ், மியூட்ல இருக்கீங்க" என்று ஆளாளுக்குக் கத்தல். மியூட் இல்லை. அதே ஹெட்செட் ஃபோனில் ஒழுங்காக வேலை செய்தது.

சரி, கோளாறு கம்ப்யூட்டரில்தான் என்று சிபியுவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு சர்வீஸ் கடைக்குப் போனேன். வாசலில் பழைய மானிட்டர்களை அடுக்கி வைத்திருக்கும் ரகம். கடைப் பையன் மூடியைக் கழற்றி டார்ச் அடித்தான்.

"அக்கா, வீடு எங்க?"

"காசிமேடு."

"அதான்! கடல் காத்துக்கா. போர்டுல உப்பு பூத்துக்கிச்சு. ஆடியோ சிப் காலி."

இங்கேதான் விழுந்தேன். எங்கள் வீட்டு ஜன்னல் கம்பி, ஃபிரிட்ஜ் ஸ்டாண்ட், மாடிக் கேட் எல்லாம் துருப்பிடித்து உதிர்வதைத் தினம் பார்க்கிறவள் நான். கம்ப்யூட்டர் மட்டும் தப்பிக்குமா? நான் வருஷக்கணக்காகப் புலம்புவதையே அவன் திருப்பிச் சொன்னதும் தலையாட்டிவிட்டேன். செக்கிங் 500, சவுண்ட் கார்டு 1,900, விண்டோஸ் போட 800. மொத்தம் 3,200. பில் கேட்டதற்குத் துண்டுச்சீட்டில் கூட்டல் போட்டுக் கொடுத்தான். மறுநாள் கடை ஹெட்செட்டைச் செருகி, என்னைப் பேசவிட்டு ரெக்கார்ட் செய்து போட்டுக் காட்டினான். என் குரல் தெளிவாகக் கேட்டது. "தேங்க்ஸ் தம்பி" என்று வேறு சொல்லித் தொலைத்தேன்!

வீட்டில் என் ஹெட்செட்டைச் செருகினால் பழைய குருடி கதவைத் திறடி.

ஃபோன் செய்தேன். "டிரைவர் செட் ஆகணும்க்கா, ஒரு நாள் விட்டுப் பாருங்க." மறுபடி செய்தால், "அண்ணன் ரிச்சி ஸ்ட்ரீட்ல சாமான் வாங்கப் போயிருக்காரு." நேரில் போய் நின்றதும், "ஹெட்செட்தான் போயிடுச்சு, நம்மகிட்ட 900க்கு இருக்கு." ஃபோனில் கேட்கிறதே தம்பி என்றேன். "ஃபோன் வேற, சிஸ்டம் வேறக்கா." அவன் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

நேற்று எதிர்வீட்டுக் காலேஜ் பையன் என் ஹெட்செட் ஒயரின் முனையில் இருக்கும் பின்னைப் பார்த்ததுமே சிரித்தான். அதில் மூன்று கறுப்பு வளையங்கள். காதுக்கும் மைக்குக்கும் சேர்த்து ஒரே பின், ஃபோனுக்காகச் செய்தது. என் டெஸ்க்டாப்பில் பச்சை ஓட்டை சத்தம் கேட்க, ரோஸ் ஓட்டை மைக்குக்கு. பச்சையில் செருகினால் காது கேட்கும், மைக்குக்கு அங்கே இணைப்பே கிடையாது. புதுக் கார்டிலும் அதே கதைதான். கடையில் எனக்குப் போட்டுக் காட்டியது இரண்டு பின் வைத்த ஹெட்செட்! பையன் 120 ரூபாய்க்கு, காதுக்கு ஒரு பின், மைக்குக்கு ஒரு பின் என்று இரண்டாகப் பிரியும் ஸ்ப்ளிட்டர் ஒயர் ஒன்று வாங்கிவந்தான். புதுக் கார்டைக் கழற்றிவிட்டு, அந்த உப்புப் பூத்த போர்டிலேயே செருகினான். ஜோராகப் பேசுகிறது.

காலையில் கார்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால், "மாட்டின சாமான ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்க்கா." முகத்தைக்கூட நிமிர்த்தவில்லை. என் 3,200 ரூபாய்!

நிறைய டிப்ஸ் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், ஓடவில்லை. முதலில் பின்னில் வளையத்தை எண்ணுங்கள். விண்டோஸ் செட்டிங்ஸில் பிரைவசிக்குள் மைக்ரோஃபோன் ஆனில் இருக்கிறதா, சவுண்டில் இன்புட் எந்த மைக் என்று பாருங்கள். கடைக்குப் போனால் உங்கள் ஹெட்செட்டையும் கொண்டுபோய் அதிலேயே பேசிப் பாருங்கள். நான் வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். ஒழுங்கான பில் வாங்குங்கள். நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915. அந்தத் துண்டுச்சீட்டை வைத்துக்கொண்டு நான் இனிமேல்தான் பேச வேண்டும். 6 மணி வகுப்புக்குப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள், மீதி அப்புறம்.